அப்பாவின் பனியன்

தயாபரனுக்கு ஐம்பது வயது. அவருக்கு மூச்சும் தியானமும் சொல்லித்தரும் திலகாவுக்கு வயது அவரைவிட ரொம்பக் குறைவு. ஆனாலும் தயாபரன் அவரை "அம்மா" என்றுதான் கூப்பிடுவார். மொட்டைமாடி வகுப்பில் நாங்கள் எல்லோருமே அப்படித்தான்.

கண்ணை மூடச் சொன்னால் நாங்கள் மூடிக்கொள்வோம். இந்த மனுஷன் மட்டும் மடியில் போனை வைத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். தியானமாம், பெரிய தியானம்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் அவர் பயம் அவருக்கு. போளூரில் தனியாக இருக்கும் அப்பாவுக்கு இதயம் பலவீனம். படி ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். அதனால் மகன் ஒரு பனியன் வாங்கி மாட்டிவிட்டிருந்தார். அதன் துணிக்குள்ளேயே மெல்லிய கம்பி ஓடும். அங்கே நெஞ்சு துடிப்பது இங்கே போனில் தெரியும். நன்றாக இருந்தால் பச்சை. எகிறினால் சிவப்பு, கூடவே அலறல்.

கொஞ்ச நாளாகச் சாயங்காலமானால் அலறியது. மாத்திரையை மாற்றியும் நிற்கவில்லை. அலறியதும் இவர் பதறிப்போய்க் கூப்பிடுவார். பேசப் பேசத் துடிப்பு இறங்கும். பச்சை வந்ததும் வைத்துவிடுவார்.

விடிந்தால் கிழவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்வதாக ஏற்பாடு. இந்த வயதில் உடம்பு தாங்குமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை.

அன்று சாயங்காலம் வந்தவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"இப்ப அலறிடும்மா. தினம் இந்த நேரத்துக்கு மட்டும் ஏன் இப்படித் துடிக்குது? டாக்டருக்கே புரியலை."

திலகா போனை எட்டிப் பார்த்தார். பச்சையாகத்தான் இருந்தது.

"இப்பவே அவரைக் கூப்பிடுங்க" என்றார்.

"பச்சையா இருக்கே. கூப்பிட்டு என்னத்தைக் கேக்கறது?"

"கூப்பிடுங்க."

ஸ்பீக்கரைப் போட்டுக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில்தான் கிழவர் எடுத்தார்.

"என்னப்பா தயா, அதுக்குள்ள அங்க அடிச்சிடுச்சா? நான் இன்னும் படியே ஏறலையே?"

"எந்தப் படிப்பா?"

"நம்ம மாடிப்படிதான். ஏறி எறங்கினாத்தானே உனக்கு அடிக்குது." கொஞ்சம் தயங்கினார். "அடிச்சாத்தானே நீ பேசற."

தயாபரன் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு திலகாவைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"இப்ப நான் என்னம்மா பண்ணட்டும்?"

"என்னை ஏன் கேக்கறீங்க?" என்றார் திலகா. "அவர் இன்னும் லைன்ல இருக்கார்."