ஒன்பது எழுத்து அம்மன்

"மூணுல எது நல்லதுன்னு ஒரே வார்த்தையில சொல்லிருங்க டீச்சர். போயிருதேன்."

மடிக்கணினியை மேசைமேல் வைத்துவிட்டு, தவசிமுத்து நின்றபடியே கேட்டார்.

அவருக்கு வயது ஐம்பத்தாறு. டீச்சருக்கு முப்பத்தொன்று. பாளையங்கோட்டையில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டருக்குப் புதுப்புது எழுத்தாக, ஃபாண்டாக, வரைகிறவள் மரகதவல்லி. சனிக்கிழமைதோறும் அவளிடம் வந்து எழுத்துப் பழகுகிறவர் இவர். மற்ற ஆறு நாளும் போஸ்டர் அச்சகத்தில் டிசைன் வேலை.

மரகதவல்லி தாளிலிருந்து பென்சிலை எடுக்கவில்லை.

"இப்படி மூச்சு வாங்குதே. என்ன அவசரம் அண்ணாச்சி?"

"புது மேனேஜர் அஞ்சு மணிக்கு போன் பண்ணுவாரு. இருபத்திரண்டு வருசமா நான் சேத்து வச்ச ஃபாண்ட் பதினோராயிரம் கிடக்கு. அதை ஒழுங்குபடுத்தி வைக்க ஒரு சாஃப்ட்வேர் வாங்கப் போறாங்க. மூணு சாஃப்ட்வேர்ல எதுன்னு நான் சொல்லணும். அது ஏத்துக்கிட்டது இருக்கும். ஏத்துக்கிடாததை அழிச்சிட்டு, பழைய கம்ப்யூட்டரையும் காலி பண்ணிருவாங்களாம்."

"இப்போ எப்படி அடுக்கி வச்சிருக்கீங்க?"

"சாவுக்கு ஒரு ஃபோல்டர். சடங்குக்கு ஒண்ணு. கட்சிக்கு மூணு."

"கட்சிக்கு எதுக்கு மூணு?"

"ஜெயிச்சா ஒண்ணு. தோத்தா ஒண்ணு. தோத்தவன் ஜெயிச்சவன்கூடப் போய்ச் சேந்துட்டா ஒண்ணு."

மரகதவல்லி வாய்விட்டுச் சிரித்தாள்.

"மேனேஜர் இதைப் பாத்தாரா?"

"பாத்தாரு. குப்பைத்தொட்டின்னாரு."

சிரிப்பு நின்றது. பென்சில் மறுபடி ஊர்ந்தது. ஒரு வளைவை முடித்துவிட்டுக் கேட்டாள்.

"பதினோராயிரத்துல எது ஒண்ணு இல்லேன்னா, உங்களால அந்த அச்சகத்துல நிக்க முடியாது?"

அவர் யோசிக்கவே இல்லை.

"முப்பிடாதி."

பனையடிக்குளத்து முப்பிடாதி அம்மன். வருசா வருசம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அந்த ஊர்க்காரர்கள் இவரிடம்தான் போஸ்டர் அடிப்பார்கள். நாலு வருசத்துக்கு முன்னால் ஆசைப்பட்டு, புதிதாக வந்த ஓர் அழகான எழுத்தில் அம்மன் பேரைப் போட்டுக் கொடுத்தார். மறுநாள் காலையில் ஒரு வேன் வந்து அச்சக வாசலில் நின்றது. இறங்கியவர்கள் இருபது பேருக்குக் குறையாது.

"இது யாருவே?" என்று போஸ்டரை விரித்துக் காட்டினார் ஒருவர்.

"உங்க அம்மைதான்யா. பேரு போட்டிருக்குல்லா."

"பேரு கிடக்கட்டும். எங்க அம்மை காலைத் தொங்கப் போட்டுல்லா உக்காந்திருக்கா. நீரு மடக்கி வச்சிருக்கீரு."

அப்புறம்தான் இவர் பார்த்தார். 'மு'வின் கீழ்க்கோடு உள்ளே சுருண்டு கிடந்தது.

அன்று மத்தியானமே பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனார். கோயில் முகப்பில், அந்தக் கோடு நேரே கீழே தொங்கும்படி காரையால் புடைத்து எழுதியிருந்த பேரைத் தாள் வைத்து ஒற்றி எடுத்துவந்தார். பத்து நாள் உட்கார்ந்து ஃபாண்ட் ஆக்கினார். அந்தப் பேருக்கு வேண்டிய ஒன்பது எழுத்து மட்டும்தான் அதில் உண்டு. மற்ற இடமெல்லாம் காலி.

"அப்போ மூணுகிட்டயும் அவளைக் கேளுங்க" என்றாள் மரகதவல்லி.

"கேக்கவா?"

"தேடிப் பாருங்கன்னேன்."

மூன்றையும் ஒரு வாரச் சோதனைக்கென்று வாங்கிப் போட்டிருந்தார். எல்லா ஃபாண்டையும் மூன்றுக்குள்ளும் ஏற்றியும் வைத்திருந்தார். முதலில் மஞ்சள் படம் போட்டதைத் திறந்தார். கனம், மெலிவு, சாய்வு என்று பட்டாளத்தை நிறுத்தி வைத்ததுபோல அத்தனையும் வரிசையாக நின்றன. பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சிதான்.

முப்பிடாதியைக் காணோம்.

மேலே தேடினார், கீழே தேடினார். அடியில் 'பழுதானவை' என்று ஒரு சின்னப் பெட்டி. அதற்குள் கிடந்தாள். திறக்க முடியவில்லை.

"ஒரு வார்த்தை கேக்காம உள்ள தள்ளிப் பூட்டியிருக்கு டீச்சர்."

"அடுத்தது?"

அடுத்தது நீலம். அதில் பேர் இருந்தது. தவசிமுத்துவுக்கு உயிர் வந்தது. 'முப்பிடாதி அம்மன்' என்று தட்டினார். தட்டியதும் பளிச்சென்று வந்து நின்றது.

"இந்தா, இருக்காளே!"

பிறகு குனிந்து பார்த்தார். மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார்.

"இது அவ இல்ல."

"பேரு போட்டிருக்குல்லா அண்ணாச்சி."

"பேரு அவ பேரு. ஆளு வேற. காலை மடக்கியிருக்கு பாருங்க. மத்த எழுத்தெல்லாம் இல்லேன்னு, அதுவா வேற ஒரு ஃபாண்டை எடுத்துப் போட்டு என்னை ஏமாத்துது."

மூன்றாவதன் படம் ஒரு குருவி. முப்பிடாதியின் பேரைத் தொட்டதுமே அது இங்கிலீஷில் ஒரு கேள்வியை நீட்டியது. அவர் எழுத்துக்கூட்டிப் படித்து, தமிழில் சொன்னார்.

"இதுல ஒம்பது எழுத்துதான் இருக்காம். அழிச்சிரலாமான்னு கேக்குது."

கேள்விக்குக் கீழே இரண்டு கட்டம். ஒன்று ஆம். ஒன்று இல்லை.

தவசிமுத்து அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தாரா, விழுந்தாரா தெரியவில்லை.

"மூணுக்கும் ஆகாதவளாப் போயிட்டா."

"ஆகாட்டி விட்டுருங்க."

"எதை?"

"அவளைத்தான். மூணும் ஒண்ணுபோலச் சொல்லும்போது நாம என்ன பேச? பதினோராயிரத்துல ஒண்ணு. மிச்சமெல்லாம் பத்திரமா இருக்கும், மேனேஜருக்கும் சந்தோசம்."

மரகதவல்லி பென்சிலைக் கீழே வைத்தாள். மேசைக்கு மேலாகக் கையை நீட்டினாள். விரல் 'ஆம்' இருந்த இடத்துக்குப் போனது.

"கையை எடுங்க!"

தெருவில் போன ஒருவர் மாடியை அண்ணாந்து பார்த்தார்.

இரண்டு வருசமாக இந்த அறையில் அவர் 'சரிங்க டீச்சர்' என்றதுண்டே தவிர, குரல் உயர்த்திப் பேசியது கிடையாது. இப்போது எழுந்து நின்றார். மடிக்கணினியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

அவள் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"ஏன்?"

"ஏனா? ஒம்பதுதான், ஆமா. அவ பேருக்கு ஒம்பதுதான் வேணும். பத்தாவது எழுத்தை வச்சு அவ என்ன கடுதாசியா எழுதப் போறா? அந்தச் சனம் மொத்தமும் ஒரு கோட்டைப் பாத்து 'இது எங்க அம்மை இல்ல'ன்னு கண்டுபிடிச்சுது. அத்தனை வருசம் இதே தொழில்ல கிடந்த எனக்குத் தெரியல. அவங்க காட்டித் தெரிஞ்சுக்கிட்டேன். அதைக் குறைன்னு ஒரு மெஷினு சொல்லும், நான் தலையாட்டணுமா? நீங்க சொன்னாலும் ஆட்ட மாட்டேன். டீச்சரா இருந்தாலும் சரி, யாரா இருந்தாலும் சரி!"

மரகதவல்லி கையை இழுத்துக்கொண்டாள். பென்சிலை எடுத்து, விட்ட வளைவிலிருந்து தொடர்ந்தாள்.

சத்தம் இறங்கி அவர் கேட்டார்.

"கோவத்துல பேசிட்டேன். எதுன்னு சொல்லுங்க டீச்சர்."

"என்னையே அதட்டியாச்சு. இன்னும் எங்கிட்டதான் கேக்கணுமா?"

போன் அடித்தது. அவர் எடுத்த வேகத்தில் ஸ்பீக்கரில் விழுந்தது.

"தவசிமுத்து, எந்த சாஃப்ட்வேர்?"

அவர் மடிக்கணினியை மறுபடி மேசையில் வைத்தார். கேள்வி அங்கேயே நின்றுகொண்டிருந்தது. 'இல்லை'யைத் தட்டினார். கேள்வி விலகியது. காலைத் தொங்கப் போட்டபடி முப்பிடாதி திரையில் உட்கார்ந்திருந்தாள்.

"குருவி படம் போட்டது சார்."

"அதுவா? மத்த ரெண்டும்தான் வேகம்னாங்க. அதுல என்ன விசேஷம்?"

"அது ஒண்ணுதான் சார், அழிக்க முந்தி எங்கிட்ட கேட்டுச்சு."

"சரி, கேட்டுச்சு. நீங்க என்ன சொன்னீங்க?"

"இப்போ உங்களுக்குச் சொல்லப் போறதைத்தான் சார் சொன்னேன். அழிக்க முடியாது."