மாட்டுக்குப் பதில் ஓலைநாயகம்

வாடைநாட்டில் காற்றுக்குப் பஞ்சமே கிடையாது. வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் தெருவில் நடக்க வேண்டும். பஞ்சமெல்லாம் மாட்டுக்குத்தான். கோமாரி வந்து பாதி மாடு செத்துப்போச்சு. கிணற்றில் தண்ணீர் கிடக்கு, அதை இறைக்கும் கவலை ஏற்றத்தை இழுக்க மாடில்லை.

"காற்றாலை வையுங்கள். காற்றே தண்ணீர் இறைக்கட்டும்" என்று ராஜா நெடுமுடி வழுதி ஆணை போட்டார். நல்ல ஆணைதான். போட்டு நாலு வருஷம் ஆகியும் நாட்டில் ஒரு ஆலைகூடச் சுற்றவில்லை.

ஒருநாள் மேட்டுப்புதூர்க்காரி குப்பாச்சி நேராகச் சபைக்கே வந்துவிட்டாள்.

"ஆலை செஞ்சு மூணு வருஷமாச்சு சாமி. சுத்த விடமாட்டேங்கிறாங்க. வெறிநாயைக் கட்டிப்போட்ட மாதிரி கயித்தால கட்டிப்போட்டிருக்கேன். பயிர் கருகுது."

"எவன் தடுக்கிறான்?" ராஜா சீறினார்.

சேந்தன் எழுந்தான். அரசாங்க விதிகளை எழுதும் ஓலைநாயகம் அவன்தான். நாட்டிலேயே பெரிய புத்திசாலி என்று பேர். அந்தப் பேரைப் பரப்பியதில் பாதி அவனே.

"பத்து நாள் கொடுங்க மகாராஜா. அந்த மடையனை இங்கே கொண்டுவந்து நிறுத்துறேன். முதல் ஆலை சுத்துற வரைக்கும் அரண்மனைக் கிணத்துல மாட்டுக்குப் பதிலா அவனையே பூட்டுங்க!"

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

தண்டனை என்ன என்று சேந்தனை யாரும் கேட்கவில்லை. அவனாகத்தான் சொன்னான். வாய் சும்மா இருந்தால்தானே.

ஆலை சுற்ற வேண்டுமென்றால் ஏழு அதிகாரிகள் முத்திரை வைக்க வேண்டும். சேந்தன் ஒவ்வொருத்தராகப் போய்க் கேட்டான். எல்லாரும் ஒரே பாட்டு.

"நாங்க தயார்தாங்க. ஆனா ஆலை தண்ணி இறைக்கிறதைக் கண்ணால பார்த்துட்டுத்தான் முத்திரை வைக்கணும்னு விதி."

"சரி, இறைக்கச் சொல்லிப் பாருங்களேன்."

"முத்திரை இல்லாம ஒரு சால்கூடத் தண்ணி இறைக்கக்கூடாதுன்னும் விதி இருக்கே!"

"எந்தக் கழுதை எழுதிச்சு இதை?"

ஏழாவது அதிகாரி விதி எழுதிய ஓலையை எடுத்து நீட்டினார். எழுத்து முத்து முத்தாக இருந்தது. சேந்தனின் எழுத்து.

அவனுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு விருந்துச் சாப்பாடு. கண்ணைச் சொருகியது. புதுசாக யோசிக்கச் சோம்பல்பட்டு, பழைய கவலைமாட்டு விதியை எடுத்து அப்படியே காப்பியடித்தான். மாடு இழுப்பதைப் பார்த்துவிட்டு அதன் கொம்பில் முத்திரை குத்துவார்கள். மாட்டுக்கு அது சரி. 'மாடு' என்ற இடத்தில் 'மாட்டுக்குப் பதில் வேறு எது இறைத்தாலும்' என்று மாற்றினான். கொஞ்சம் கண்டிப்பாக இருக்கட்டுமே என்று கடைசியில் அந்த 'ஒரு சால்கூட' வரியையும் சேர்த்தான். அப்புறம் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டான். நாலு வருஷமாக நாடு காய்கிறது.

ஓடிப்போகலாமா என்று யோசித்தான். இருக்கிற தொப்பைக்கு ஓடவும் வராது.

பத்தாம் நாள். சபை நிறைந்திருந்தது.

"மடையன் எங்கே?"

"இங்கேதான் நிக்கிறேன் மகாராஜா."

விஷயத்தைச் சொன்னான். சேந்தனைக் கண்டாலே பிடிக்காத மந்திரி மழவராயர்தான் முதலில் சிரித்தார். "நல்லாத் தின்ன காளை! பூட்டுங்கப்பா!"

கிணற்றடிக்கு இழுத்துப்போய் நுகத்தடியைக் கழுத்தில் வைத்தார்கள். குப்பாச்சி உட்பட ஊரே கூடி வேடிக்கை பார்த்தது.

"ஒரு நிமிஷம்" என்றான் சேந்தன். "முத்திரை எங்கே?"

"உனக்கு எதுக்குடா முத்திரை?" என்றார் மழவராயர்.

"மாட்டுக்குப் பதில் எது இறைச்சாலும் ஏழு முத்திரை வேணும். விதி இன்னும் உசிரோடதான் இருக்கு."

"அதிகாரிகளைக் கூப்பிடு!" என்றார் ராஜா.

ஏழு பேரும் வந்தார்கள். "முதல்ல இழுக்கட்டும், பார்த்துட்டு வைக்கிறோம்" என்றார் ஒருவர். "வைக்காம எப்படி இழுக்கிறது?" என்றார் இன்னொருவர். அங்கேயே சண்டை பிடித்துக்கொண்டார்கள்.

ராஜாவுக்கு விளங்கியது. மீசை துடித்தது. "அப்போ உன்னைத் தண்டிக்கணும்னா?"

"இந்த ஓலையைக் கிழிக்கணும் மகாராஜா. கிழிச்சா குப்பாச்சி ஆலை சுத்தும். ஆலை சுத்தினா என் தண்டனை முடிஞ்சுது."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். ஓலையை வாங்கி இரண்டாகக் கிழித்தார். கூட்டம் ஆரவாரம் செய்தது. சேந்தன் பெருமையாக நுகத்தடியைக் கழற்றினான்.

"எங்கே கிளம்பிட்ட?" என்றார் ராஜா.

"ஆலைதான் சுத்தப்போகுதே..."

"இன்னும் சுத்தலையே! மேட்டுப்புதூர் ரெண்டு நாள் நடை. அதுவரைக்கும் இழு."

"முத்திரை இல்லாம நான் எப்படி..."

"அதைத்தான் கிழிச்சாச்சே. இனி யாருக்கும் முத்திரை வேண்டாம். உனக்கும்தான்."

மூன்று சால் இறைப்பதற்குள் சேந்தனுக்கு நாக்குத் தள்ளியது. குப்பாச்சி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது தெரிந்தது.

"அக்கா! எங்கேயும் நிக்காதீங்க! நேராப் போய்க் கயித்தை அவுத்துவிடுங்க!"

குப்பாச்சி திரும்பி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"போற வழியில என் தங்கச்சி வீடு இருக்குங்க. அவளைப் பார்த்தும் மூணு வருஷமாச்சு."