இருபத்தைந்தாவது தோணி

வெள்ளாங்கரை நாட்டை முன்னொரு காலத்தில் பராக்கிரம பூபதி என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். மனம் குளிர்ந்தால் ஒரு பாட்டுக்கு யானையைக் கொடுப்பார். முகம் சுளித்தால் தும்மியவனுக்கும் அபராதம் போடுவார். அவருடைய துறை அதிகாரி அனந்தராயர். தோணியைக் கடலுக்குக் கொடுத்தவர்கள், அரண்மனைக் காட்டில் மரம் கேட்டு ராயர் வாசலில்தான் நிற்க வேண்டும். அவரோ நாள்கணக்கில் நிற்க வைப்பார். கும்பிடு வாங்குவதில் அப்படியொரு பிரியம் அவருக்கு.

அந்தத் துறையில் மாடக்கண்ணு என்ற தோணிக்காரரின் மனைவி உலகம்மாள். ராயர் வாசலில் நின்று கால் கடுத்தவள். ஒரு தோணி முழுகினால் ஒரு வீடு அழிகிறது. அந்த நஷ்டத்தை எல்லா வீடும் பங்கு போட்டுக்கொண்டால் எந்த வீடும் அழியாதே என்று அவளுக்குத் தோன்றியது. துறையில் இருந்த முப்பத்தொரு தோணிக்காரர்களும் சம்மதித்தார்கள். அப்படியொரு கூட்டு வைக்க அனுமதி வேண்டும் என்று அவள் சபைக்கு வந்து கேட்டாள்.

இனி வாசலில் கும்பிட ஆள் வராதே என்று ராயருக்கு எரிச்சல். ஆனால் நேராக மறுக்கவில்லை. நஷ்டத்தை ஈடுகட்டுகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு நாளைக்குக் கையை விரித்தால் ஏழைகள் அல்லவா தெருவில் நிற்பார்கள் என்று உருகினார். ராஜாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. "அப்படியானால் நிபந்தனைகளை நீரே எழுதும்" என்றார்.

ராயர் எழுதினார். இருபத்தைந்து பேருக்குக் குறையக் கூடாது. கைச்சாத்திடும் நாளில் ஒவ்வொருவருக்கும் சொந்தத் தோணி மிதந்துகொண்டிருக்க வேண்டும். காரியம் பார்க்க எல்லாரும் ஒரே ஆளுக்கு அதிகார ஓலை கொடுக்க வேண்டும். முதல் வாக்குக்கு முன்பே இருநூறு பொன்னை அரண்மனையில் கட்டிவைக்க வேண்டும். வாக்கின் வாசகத்தைச் சபை பார்க்க வேண்டும். வழக்கு என்று வந்தால் ஓலை கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடம் வேண்டும். எல்லாம் பௌர்ணமிக்குள்.

பெண்கள் காதில் கழுத்தில் கிடந்ததைக் கழற்றினார்கள். இருநூறு பொன் சேர்ந்தது. வழக்கோலை கொடுக்கும் இடமாகத் தன் வீட்டையே எழுதிக் கொடுத்தாள் உலகம்மாள். பௌர்ணமிக்கு ஐந்து நாள் இருக்கும்போது புயல் அடித்தது. ஏழு தோணிகள் போயின. ஆறு தோணிகளின் ஆட்கள் பலகையைப் பிடித்தும் நீந்தியும் கரை சேர்ந்தார்கள். ஏழாவது மாடக்கண்ணுவுடையது. அவரும் வரவில்லை, உடலும் வரவில்லை. உலகம்மாள் மூன்று நாள் கரையிலேயே கிடந்தாள். நாலாம் நாள் எழுந்துபோய், மிச்சம் இருந்தவர்களிடம் அதிகார ஓலை வாங்கத் தொடங்கினாள்.

பௌர்ணமியன்று சபையில் அவளைப் பார்த்ததும் ராயர் கேட்டார்: "தோணியே இல்லாதவளுக்கு இங்கே என்ன வேலை?"

"எல்லாரும் அதிகாரம் கொடுக்கிற ஒரே ஆள் என்றுதான் ஐயா எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆளுக்குத் தோணி வேண்டும் என்று எழுதவில்லை."

ராஜா ஓலையை வாங்கிப் பார்த்துத் தலையசைத்தார். ராயர் கைச்சாத்துகளை நிதானமாக எண்ணினார். இருபத்து நாலுதான் இருந்தது. துறையில் வேறு தோணியே கிடையாது, ஆகவே கூட்டும் கிடையாது என்றார்.

துறையின் தோணிகளையெல்லாம் பதிந்து வைக்கும் துறை ஏட்டின் முதல் வரியை மட்டும் படிக்கச் சொல்லுங்கள் என்று உலகம்மாள் ராஜாவை வேண்டிக்கொண்டாள். ராயர் ஏட்டை விரித்தார். முதல் வரியில், அவர் கையெழுத்தில், மகாராஜா உல்லாசமாகப் போகும் அன்னத்தோணி இருந்தது.

புயலுக்குத் தப்பி அது இன்னும் மிதந்துகொண்டுதான் இருந்தது. ராஜாவின் முகம் சிவந்தது. "வலை இழுக்கிறவனின் நஷ்டத்தில் நான் பங்கு கொடுப்பதா?"

"கொடுக்க வேண்டும் மகாராஜா. உங்கள் தோணி முழுகினால் இந்த இருபத்து நாலு வீடும் உங்களுக்குக் கொடுக்கும். உங்களிடம் கேட்டு வருகிறவர்கள்தான் இதுவரை வந்திருப்பார்கள். உங்கள் நஷ்டத்தை நாங்கள் சுமக்கிறோம் என்று யாராவது வந்திருக்கிறார்களா?"

ராஜா ஏட்டை வாங்கி முதல் வரியைத் தானே ஒருமுறை படித்தார். பிறகு எழுத்தாணியைக் கேட்டு வாங்கி இருபத்தைந்தாவது கைச்சாத்தைப் போட்டார். இனி மரம் கேட்டு யாரும் ராயர் வாசலுக்குப் போக வேண்டாம் என்றும், ராயரே அமாவாசைதோறும் துறைக்குப் போய் இந்த நிபந்தனைகளை நின்றுகொண்டே படித்துக் காட்ட வேண்டும் என்றும் உத்தரவு போட்டார். ராயர் குனிந்த தலை நிமிரவில்லை.

தோணிக்காரர்களில் மூத்தவரான சங்கிலிபூதம் எழுந்து, உலகம்மாளின் தோணியையும் மற்ற ஆறையும் முதல் நஷ்டமாகச் சேர்த்துக்கொள்வோம் என்றார். அவள் ஒப்பவில்லை. வாக்குக்கு முன்னால் போனதற்கு வாக்கு கிடையாது, முதல் நாளே எழுத்தை மீறினால் மறுநாள் அது நிற்காது என்றாள்.

ராஜாவுக்கு மனம் இளகியது. "கூட்டு கிடக்கட்டும். உன் புத்திக்கு நான் பரிசு கொடுக்கிறேன். என்ன வேண்டும்?"

"ஆறு தோணிக்கு மரம் வேண்டும் மகாராஜா."

"போனது ஏழு அல்லவா?"

"ஏழாவதை ஓட்ட என் வீட்டில் ஆள் இல்லை" என்றாள் உலகம்மாள்.

ராஜா ஆறு தோணிக்கு மரம் வெட்ட உத்தரவு எழுதினார். உலகம்மாள் ஓலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மற்ற ஆறு வீட்டுக்காரர்களுக்குச் சொல்லப் புறப்பட்டாள்.