ஒரு நாற்காலிக்கு நூறு இங்கிலீஷ் வார்த்தை

ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்றபடியே சேலை விற்கிற பெண்களுக்கு, ஆளில்லாத நேரத்தில் உட்கார நாற்காலி வேண்டும் என்று அவர்களில் ஒருத்தியான மாரிக்கனி கேட்டுவிட்டாள். மேனேஜர் ஞானதுரைக்குச் சுருக்கென்றது. தினமும் கடை திறக்குமுன் இங்கிலீஷ் வகுப்பெடுத்து உயிரை வாங்குகிற மேதை அவர்.

"'டிசைட்' வினைச்சொல், அதுல இருந்து வர்ற பெயர்ச்சொல் 'டிசிஷன்'. 'அரைவ்'னா 'அரைவல்'. இப்படி நூறு இருக்கு. பார்க்காம ஒப்பிச்சா நாற்காலி," என்று நோட்டை ஆட்டினார்.

"சரி சார். ஆனா எந்தச் சேலையையும் முதல்ல நம்ம தோள்ல போட்டுக் காட்டிட்டுத்தான் விக்கணும்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க? அதே மாதிரி நீங்க ஒருவாட்டி சொல்லிக் காட்டுங்க," என்றாள் மாரிக்கனி.

முப்பது பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க, வேறு வழியில்லாமல் நோட்டை மூடினார். ஆறாவது வார்த்தையில் மாட்டிக்கொண்டார். அரைமணி நேரம் முழித்தார், வேர்த்தார்.

"கால் கடுக்குது! இப்படி நின்னுக்கிட்டே இருந்தா மூளை எப்படி ஓடும்?" என்று எரிந்து விழுந்தார்.

"அதைத்தான் சார் நாங்களும் சொல்றோம்," என்றாள் மாரிக்கனி.

மறுநாளே நாற்காலி வந்தது, ஒன்றே ஒன்று. ஞானதுரை அதில் சாய்ந்து உட்கார்ந்து வகுப்பெடுத்தார். முப்பது பேரும் நின்றுகொண்டு கேட்டார்கள்.