பாஸ் ஊதுகிறவரின் நாற்காலி

"மாஸ்டர், எனக்க நாற்காலிய மாத்தித் தரணும்," என்றார் வில்பிரட்.

"எதுக்கு அண்ணே?"

"அருமைநாயகத்துக்குப் பக்கத்துல இருந்து இனி என்னால ஊத முடியாது."

மாஸ்டர் என்றால் கிரேஸ்லின். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் சபையின் பித்தளை பேண்டுக்கு மாஸ்டர். வில்பிரட்டைவிட வயதில் ரொம்ப இளையவள். பொம்பளைக்குக் கீழே ஊதுவதா என்று முணுமுணுத்தவர்கள்கூட இப்போது அவள் கோலைத் தூக்கினால் முதுகை நிமிர்த்தி உட்காருகிறார்கள்.

வில்பிரட் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். பேண்டில் பாஸ் ஊதுவார். பாஸ் என்பது மடியில் உட்காரும் பெரிய குழல். கைப்பிள்ளையைப் போல அணைத்துக்கொண்டுதான் ஊத வேண்டும். பேண்டில் மொத்தமே இரண்டு பாஸ். இன்னொன்று அருமைநாயகத்தின் மடியில் இருந்தது.

அருமைநாயகம் வில்பிரட்டின் தங்கை புருஷன். மகள் நிச்சயத்துக்கு ஊரையெல்லாம் அழைத்துவிட்டு, தாய்மாமனான வில்பிரட்டைக் கடைசியாக அழைத்தார். அன்றோடு பேச்சு நின்றது. இந்த மாதிரிச் சண்டைக்கு எங்கள் பக்கத்தில் ஆயுசு கெட்டி.

பேசாமல் இருந்ததைக்கூட பேண்டு பொறுத்துக்கொண்டது. சேர்ந்து மூச்சு எடுத்ததுதான் வினையாகிவிட்டது.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத்து ஊர் ஒன்றிலிருந்து வந்த வெள்ளைக்காரர் ஆரம்பித்த பேண்டு இது. குழல்களோடு தங்கள் ஊர்ப் பழக்கத்தையும் விட்டுப் போனார். பாட்டின் கடைசிச் சுரத்தை பாஸ்காரர்கள் ஒரு நெஞ்சு தாங்காத நீளத்துக்கு இழுக்க வேண்டும். ஒருவர் மூச்சு எடுக்கும்போது மற்றவர் விடாமல் ஊத வேண்டும்.

வருஷா வருஷம் சபை பேண்டுகளுக்கு நடக்கும் போட்டியிலும் அந்த வெள்ளைக்காரர் ஊர் வழக்கம்தான். நடுவர் நாலு பக்கமும் துணி கட்டிய கூடாரத்துக்குள் இருப்பார். ஊதுவது யார், எந்த ஊர், ஒன்றும் அவருக்குத் தெரியாது.

போன வருஷம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு எடுத்தார்கள். சுரத்தில் ஓட்டை விழுந்தது. கோப்பை பக்கத்து ஊருக்குப் போனது. தப்பு மற்றவருடையது என்று இருவரும் ஊர் முழுக்கச் சொன்னார்கள், ஒருவருக்கொருவர் மட்டும் சொல்லவில்லை.

"மாத்தித் தாறேன்," என்றாள் கிரேஸ்லின். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க மூச்சு எடுக்கிறப்ப உங்க சத்தம் எங்க போகுது?"

வில்பிரட் குழலின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

"தெரிஞ்சிட்டு வாங்க. அன்னைக்கே மாத்திருவோம்."

ரப்பர் மரத்தடியில் நின்று யோசித்தார். வீட்டில் ஊதினார், நிறுத்தினார், காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "குழலுக்குப் பேய் பிடிச்சிருக்கா, உங்களுக்கா?" என்றாள்.

அடுத்த பயிற்சிக்கு வந்தார்.

"நின்னு போகுது மாஸ்டர். வேற எங்க போவும்?"

"நின்னா எங்களுக்குக் கேக்குமே."

மறுபடி போனார். மறுபடி வந்தார்.

"அவனுக்க குழலுக்குள்ள போகுதுன்னு சொல்ல வாறியளா?"

"நான் எதுவும் சொல்லலையே. காது வச்சுக் கேட்டது நீங்கதானே?"

வில்பிரட்டுக்குக் கோபம் வந்தது. "பக்கத்துல இருக்கவன் எப்ப மூச்சு எடுப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு அவன் மூஞ்சியப் பாக்கப் பிடிக்கல!"

"பாக்க வேண்டாம்," என்றாள் கிரேஸ்லின்.

இரண்டு நாற்காலிகளையும் அவளே இழுத்தாள். முதுகோடு முதுகு ஒட்டும்படி போட்டாள். இருவரையும் உட்காரச் சொன்னாள்.

பேண்டு மொத்தமும் சிரித்தது. அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை. ஊதினார்கள்.

வில்பிரட்டின் முதுகில் இன்னொரு முதுகு ஏறியது, இறங்கியது. அது ஏறியபோது இவர் ஊதினார். அது அடங்கி ஊதத் தொடங்கியதும் இவர் மூச்சு எடுத்தார். சுரம் எங்கும் அறுபடவில்லை. இது எப்படி என்று வில்பிரட்டுக்கு ஆச்சரியமாக இருந்தது. அன்று நாற்காலியைப் பற்றி அவர் கேட்கவில்லை.

போட்டி அன்றும் அப்படியே உட்கார்ந்தார்கள். கூட்டம் கேலி செய்தது. கூடாரத்துக்குள் இருந்த நடுவருக்கு அதெல்லாம் தெரியாது.

கடைசிச் சுரம் வந்தது.

பின்னால் முதுகு ஏறியது. உடனே மறுபடி ஏறியது. மறுபடியும். ஒவ்வொரு மூச்சும் பாதியில் நின்றது. நடுவே ஒரு இழுப்பு, கொதிக்கும் கெட்டில் மாதிரி.

வில்பிரட்டின் முறை வந்தது. அவர் மூச்சு எடுக்கவில்லை. கண் இருண்டது. விடாமல் ஊதினார். பின்முதுகு நிதானமாக நிறைந்து, அந்தக் குழல் பேசத் தொடங்கிய பிறகுதான் மூச்சு எடுத்தார்.

கோல் இறங்கியது. கைதட்டல் எழுந்தது.

வில்பிரட் குழலைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"மச்சான், எப்ப இருந்து இப்படி இழுக்குது?"

அருமைநாயகத்தின் உதடு வெளுத்திருந்தது. "கிறிஸ்மஸ்ல இருந்து."

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லிராதீங்க மச்சான்."

கிரேஸ்லின் சிரித்தபடி ஓடி வந்தாள். "ஓட்டையே இல்ல அண்ணே! இப்பச் சொல்லுங்க, சத்தம் எங்க போச்சு?"

வில்பிரட் அருமைநாயகத்தின் கையைத் தன் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"அதுக்கு இப்ப நேரமில்ல மாஸ்டர். உங்க கார எடுங்க."