கிழிக்க முடியாத பக்கம்

பொன்னுரங்கம் தன் மாத்திரையைச் செம்பருத்திச் செடியடியில் புதைக்க ஆரம்பித்துப் பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது. லாரி ஓட்டிய காலத்தில் எங்கோ வாங்கி வந்த எச்.ஐ.வி. கிருமியை மனைவிக்கும் கொடுத்தவர் அவர். தெய்வானை போய்ச் சேர்ந்துவிட்டாள். அவர் மாத்திரை புண்ணியத்தில் நடமாடினார். அது உறுத்தித்தான் மடத்துக்கு வந்தார்.

மடத்துத் தலைவி அரசியம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். துறவுக்கு முன் ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்தவர்.

"செம்பருத்திக்கு என்ன நோவு, அண்ணே? பன்னெண்டு நாளா மருந்து குடிக்குதே."

பொன்னுரங்கம் மண் ஒட்டிய கையைப் பின்னால் மறைத்தார்.

"எனக்கு நானே போட்டுக்கிட்ட தண்டனை, தாயி. சாகுறப்பக்கூட, நீ சாப்பிட்டியான்னுதான் கேட்டா அவ. நான் செஞ்சதை அடியோட எடுக்க வழி இருந்தாச் சொல்லுங்க."

"அவங்க பாட்டு நோட்டைக் கொண்டாங்க."

தெய்வானை பாட்டெழுதி வைத்த நோட்டு அது; மடத்துக்கு வரும்போதே பையில் எடுத்து வந்திருந்தார். கொண்டுவந்தார். நடுவில் ஒரு பாட்டுக்குக் குறுக்கே, என்றோ போதையில் அவர் கிறுக்கிய கெட்ட வார்த்தை.

"அந்தப் பக்கத்தைக் கிழிங்க."

கிழிக்கப் பக்கத்தைப் பிடித்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் தெய்வானையின் கோணல் எழுத்தில் தாலாட்டு.

"முடியல, தாயி."

"உடம்புக்கும் முடியல. முப்பாட்டன் காலத்துக்கும் ரொம்ப முந்தி, இதே இனத்துக் கிருமிங்க உள்ள புகுந்து, ஒவ்வொரு உயிரணுவோட மரபு ஏட்டுலயும் தங்களையே எழுதி வெச்சிருச்சு. வெட்டினா பக்கத்து எழுத்தும் போயிரும். அதனால உடம்பு அந்த இடத்தை மடிச்சு முடிச்சுப் போட்டு வெச்சிருக்கு."

"ஒரு தடவை போட்டாப் போதுமா?"

"உயிரணு ரெண்டாப் பிரியும். புது ஏட்டுல முடிச்சு இருக்காது. மறுபடி போடணும்."

"அசந்துட்டா?"

"உள்ள இருக்கிறது எழுந்துக்கும்."

"என் உடம்புல இருக்கிறது?"

"அது புதுசு. ஒத்தையா நின்னு முடிச்சுப் போட உடம்புக்கு இன்னும் வரல. கூட ஒரு கை வேணும்."

அம்மை தன் சேலை முந்தானையிலிருந்து ஒரு நூலை உருவி, கிறுக்கல் உள்ளே போகும்படி பக்கத்தை மடித்துக் கட்டினார். ஒரு தம்ளர் தண்ணீரும் அன்றைய மாத்திரையும் நோட்டின் அருகே வைத்தார்.

பொன்னுரங்கம் நூலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டிட்டா மன்னிச்ச மாதிரி ஆயிருமா, தாயி?"

"மன்னிப்பெல்லாம் உடம்புக்குத் தெரியாது, அண்ணே. இன்னைக்கு முடிச்சு பிரிஞ்சா, இன்னைக்குக் கட்டும்."