நாலு மணி பஸ்

தேன்கரடு மலையில் பொன்னம்பல சாமியின் மடம் இருந்தது. மடம் என்றால் ஓடு வேய்ந்த இரண்டு அறைகள், ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான்.

சாமிக்கு வயது நாற்பத்து மூன்று. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த இன்பவல்லிக்கு ஐம்பத்தாறு. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இன்பவல்லியைத்தான் கும்பிடுவார்கள். அவர் சிரித்துக்கொண்டே சாமி இருக்கும் பக்கம் கைகாட்டுவார்.

இன்பவல்லி சென்னையில் ஒரு கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருந்தவர். எங்கே போக வேண்டும் என்று போனில் தட்டினால், எப்படியெல்லாம் போகலாம் என்று காட்டும் ஒரு செயலி. அதை உருவாக்கிய குழுவுக்கு அவர்தான் தலைவி. கணவர் இறந்த மறு வருடம் வேலையை விட்டுவிட்டு மலைக்கு வந்துவிட்டார். வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

மலை அடிவாரத்து ஊர் புதுச்சந்தை. தேன்கரட்டிலிருந்து காலையில் ஒரு பஸ் கீழே போகும். சாயங்காலம் நாலு மணிக்குப் புதுச்சந்தையிலிருந்து ஒரு பஸ் மேலே வரும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை எல்லாவற்றுக்கும் அந்த இரண்டுதான்.

ஒருநாள் கண்டக்டர் மாதேசன் மடத்துக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"சாமி, இந்த மாசக் கடைசியோட நாலு மணி டிரிப்பை நிறுத்தப் போறாங்களாம். ஆளே ஏறுறதில்லைன்னு சொல்றாங்க. நேத்து ஏழே பேரு."

"மத்தவங்க எப்படி வர்றாங்க?"

"ஷேர் கார்ல. போன்ல ஒரு சீட்டு போட்டா நின்ன இடத்துக்கு வந்துருது."

மாதேசன் போன பிறகு இன்பவல்லிக்கு வேலை ஓடவில்லை. அவருக்கு மடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளையம்மாவின் நினைப்பு வந்தது. வெள்ளையம்மாவின் மகள் மரத்திலிருந்து விழுந்து கால் முறிந்தவள். வாரம் இரண்டு நாள் புதுச்சந்தை ஆஸ்பத்திரியில் அவளுக்கு நடைப் பயிற்சி கொடுக்கிறார்கள். காலை பஸ்ஸில் போய் நாலு மணி பஸ்ஸில் திரும்புவார்கள். அந்த பஸ் நின்றுவிட்டால் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் படுக்க வேண்டும். காருக்குக் கொடுக்க அவர்களிடம் எதுவும் இல்லை. வெள்ளையம்மா வைத்திருப்பது பட்டன் போன்.

சாமி அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். இன்பவல்லி அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"சாமி, தினமும் நாப்பது ஐம்பது பேர் இந்த மலையில ஏறி இறங்கறாங்க. யாரைக் கேட்டாலும் பஸ் வேணும்னுதான் சொல்றாங்க. ஆனா கார்ல போறாங்க. மனுஷங்க ஏன் இப்படி இருக்காங்க?"

"எப்படி இருக்காங்க?"

"சொகுசு கேக்குது. சுயநலம். வேற என்ன?"

"எனக்குத் தெரியலையேம்மா. நீங்க போய்ப் பாருங்க."

இன்பவல்லி மறுநாளே போனார். ஐந்து நாள் தொடர்ந்து காலை பஸ்ஸில் இறங்கி, பகலில் நூலகத்தில் இருந்துவிட்டு, மூன்றரை மணிக்கே புதுச்சந்தை பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றார். தேன்கரட்டு ஆட்கள் யாராவது போனை எடுத்தால் பக்கத்தில் போய்விடுவார்.

"பஸ்ஸை நிறுத்தப் போறாங்க, தெரியுமா? நீங்க இப்படிக் கார் போட்டா நிறுத்தத்தான் செய்வாங்க."

சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிலர் நகர்ந்து போனார்கள். புதுச்சந்தையில் வேலை பார்க்கும் பிரமிளா டீச்சர் மட்டும் நின்று பதில் சொன்னார்.

"அம்மா, போன வாரம் இதே இடத்துல ஒண்ணேகால் மணி நேரம் நின்னேன். கடைசியில பஸ் வரவே இல்லை. ரிப்பேராம். யாரும் சொல்லலை."

"ஒருநாள் வரலைன்னா பஸ்ஸே வேண்டாம்னு ஆயிருமா டீச்சர்? படிச்சவங்களே இப்படிப் பண்ணினா?"

பிரமிளாவின் முகம் சிறுத்துவிட்டது. கார் வந்தது. ஏறிப் போய்விட்டார். மறுநாள் முதல் அவர் ஸ்டாப்புக்கே வரவில்லை. ரோட்டைத் தாண்டி மருந்துக்கடைப் பக்கம் நின்று காரைக் கூப்பிட்டுக்கொண்டார். இன்னும் நாலைந்து பேர் அப்படியே செய்தார்கள்.

ஐந்து நாளும் பஸ் ஒவ்வொரு நேரத்துக்கு வந்தது. நாலே காலுக்கு ஒருநாள், ஐந்து மணிக்கு ஒருநாள். இன்பவல்லி பிடிவாதமாக நின்று ஏறினார். ஐந்தாம் நாள் பஸ்ஸில் ஆறு பேர்தான் இருந்தார்கள்.

"குறைஞ்சு போச்சு சாமி," என்றார் மடத்துக்கு வந்து. "நல்லதைச் சொன்னா ஓடறாங்க."

சாமி சாப்பிடக் கூப்பிட்டார்.

அடுத்த வாரம் மடத்தில் அரிசி தீர்ந்துவிட்டது. வியாழக்கிழமை இன்பவல்லி புதுச்சந்தைக்குப் போய்ப் பத்துக் கிலோ அரிசியும் எண்ணெயும் வாங்கினார். ஸ்டாப்புக்கு வந்தபோது மணி மூன்றே முக்கால். வெள்ளையம்மாவும் மகளும் அங்கே இருந்தார்கள். மகள் ஊன்றுகோலை மடியில் போட்டுக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

நாலு மணிக்கு மழை பிடித்தது. ஸ்டாப்பின் கூரையில் பாதி தகரம் பெயர்ந்திருந்தது. இருந்த பாதியின் கீழே மகளை நகர்த்தி உட்கார வைத்தார்கள். இன்பவல்லி அரிசிப் பையைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு நின்றார். நாலரை ஆனது. பஸ் இல்லை. நாலே முக்கால் ஆனது. காற்றும் சேர்ந்துகொண்டது. அரிசிப் பையின் அடியில் ஈரம் ஏறுவது கையில் தெரிந்தது.

போனை எடுத்தார். எடுத்தபோது எதற்காக எடுத்தோம் என்று அவருக்கே தெளிவாகத் தெரியவில்லை. தேன்கரடு என்று தட்டினார். ஒரே ஒரு சீட்டு இருந்தது. நான்கு நிமிடத்தில் வண்டி வரும் என்று காட்டியது.

வெள்ளையம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க போங்கம்மா. அரிசி நனைஞ்சா வீணாப் போயிரும்."

"நீங்க?"

"நாங்க பஸ்ல வர்றோம். எப்படியும் வரும்."

கார் வந்தது. இன்பவல்லி ஏறினார். கதவைச் சாத்தியதும் மழைச் சத்தம் அடங்கிவிட்டது. முதல் வளைவு திரும்பும்வரை அவர் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியபோது ஸ்டாப் தெரியவில்லை.

மடத்து வாசலில் சாமி துண்டோடு நின்றார்.

"முதல்ல தலையைத் துவட்டுங்க."

இன்பவல்லி துவட்டவில்லை. துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"கார்ல வந்தேன் சாமி."

"சரி."

"அவங்களை அங்கேயே விட்டுட்டு வந்தேன். ஒரு சீட்டுதான் இருந்துச்சு. நான் ஏறிட்டேன்."

சாமி அரிசிப் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தார்.

"ஏறும்போது சொகுசா இருக்கும்னு நினைச்சீங்களா?"

"இல்லை."

"அவங்க எப்படியோ போகட்டும்னு நினைச்சீங்களா?"

"ஐயோ, இல்லை சாமி."

"அப்ப என்ன நினைச்சீங்க?"

இன்பவல்லி துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"பயந்துட்டேன். பஸ் வராமலே போயிருமோன்னு. போன்ல நாலு நிமிஷம்னு போட்டிருந்துச்சு. பஸ் எங்க இருக்குன்னு சொல்ல ஒருத்தரும் இல்லை."

சாமி தலையசைத்தார்.

"உங்க கம்பெனியில வழியெல்லாம் காட்டுவீங்களே. அதுல பஸ்ஸை எங்க வெச்சிருந்தீங்க?"

இன்பவல்லி நிமிர்ந்து பார்த்தார். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"கீழ."

"எவ்வளவு கீழ?"

"முதல்ல கார். அப்புறம் ஆட்டோ. அப்புறம் பைக். விரலால தள்ளிப் பார்த்தாத்தான் பஸ் தெரியும்."

"தள்ளிப் பார்ப்பாங்களா?"

"நூத்துக்கு ஆறு பேர் பார்ப்பாங்க."

"ஏன் கீழ வெச்சீங்க?"

"கார் எங்க நிக்குதுன்னு எங்களுக்குத் தெரியும். பஸ் எங்க வருதுன்னு தெரியாது. தெரியாததை மேல காட்டினா ஜனங்க எங்களைத் திட்டுவாங்க. அதனால கீழ வெச்சோம்."

"யார் வைக்கச் சொன்னது?"

"நான்தான் சாமி."

சொல்லிவிட்டு இன்பவல்லி வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். சாமி தேற்றவில்லை. அங்கிருந்து போகவும் இல்லை. அழுகை ஓய்ந்ததும் கேட்டார்.

"வெள்ளையம்மா வந்து சேர்ந்தாச்சா?"

"தெரியலை."

"குடையை எடுத்துட்டுப் போய்ப் பார்த்துட்டு வாங்க."

வெள்ளையம்மாவின் வீடு மடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. உள்ளே அடுப்பு எரிந்தது. மகள் அதன் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு கூந்தலைக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க போன கொஞ்ச நேரத்துல பஸ் வந்துருச்சும்மா," என்றார் வெள்ளையம்மா. "நாங்க ரெண்டே பேரு. புள்ள பின்சீட்டுல படுத்துக்கிட்டே வந்தா. நீங்க எதுக்கு இந்த மழையில?"

"மன்னிச்சுக்கங்க வெள்ளையம்மா. ஊரையெல்லாம் திட்டிட்டு, நானே..."

"இதுல என்ன இருக்கு? என்கிட்ட அந்தப் போனும் காசும் இருந்தா நானும் அதுலதான் வந்திருப்பேன். புள்ளய மழையில உக்கார வைப்பேனா?"

இன்பவல்லி அடுப்புப் பக்கம் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"எப்படி அவ்வளவு நேரம் நிக்கிறீங்க? பஸ் வராதோன்னு பயமா இருக்காதா?"

"மாதேசனுக்குத் தெரியும் நாங்க நிப்போம்னு. ரிப்பேர்னா என் போனுக்குக் கூப்பிட்டுச் சொல்லிருவான். அவன் கூப்பிடலைன்னா பஸ் வருதுன்னு அர்த்தம்."

மறுநாள் காலை பஸ் கிளம்புமுன் இன்பவல்லி மாதேசனிடம் போய் நின்றார்.

"வெள்ளையம்மாவுக்குக் கூப்பிட்டுச் சொல்ற மாதிரி எனக்கும் சொல்வீங்களா?"

"உங்களுக்கு எதுக்கும்மா?"

"நான் எல்லாருக்கும் சொல்றேன்."

சாயங்கால பஸ் டிப்போவிலிருந்து புதுச்சந்தைக்கு வருமுன் ஒரு ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். தாமதமெல்லாம் அங்கேதான். கேட்டில் வண்டி நின்றிருக்கும்போது மாதேசன் ஒரு மிஸ்டு கால் கொடுப்பது, கேட் திறந்து தாண்டியதும் இன்னொன்று கொடுப்பது என்று பேசிக்கொண்டார்கள். தாண்டிவிட்டால் பன்னிரண்டு நிமிடத்தில் பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிடும். வண்டி வராத நாளில் பேசியே சொல்லிவிடுவது.

அன்று சாயங்காலம் இன்பவல்லி ஸ்டாப்பில் நிற்கவில்லை. ரோட்டைத் தாண்டி மருந்துக்கடைப் பக்கம் போனார். பிரமிளா அவரைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"டீச்சர், அன்னிக்கு நீங்க சொன்னதை நான் காதுல வாங்கலை. தப்பு என்னுது. உங்க நம்பரைக் கொடுத்தா, பஸ் எங்க வருதுன்னு தினமும் நான் சொல்றேன். நீங்க பஸ்லதான் வரணும்னு இல்லை. தெரிஞ்சுக்கங்க, அவ்வளவுதான்."

பிரமிளா திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு நம்பரைச் சொன்னார்.

முதல் நாள் வாட்ஸ்அப் குழுவில் நாலு பேர் இருந்தார்கள். 'பஸ் கேட்டில் நிற்கிறது.' 'பஸ் கேட் தாண்டியது.' இன்பவல்லி அனுப்பியது இவ்வளவுதான். வேறு எதையும் எழுதவில்லை, யாரையும் பஸ்ஸில் வரச் சொல்லவில்லை. பட்டன் போன் வைத்திருந்தவர்களுக்குக் கேட் தாண்டியதும் ஒரு மிஸ்டு கால். நாலு பேர் பதினேழு ஆனார்கள். பதினேழு பேர் நாற்பதைத் தாண்டினார்கள். நேரம் தெரிந்ததும் ஆட்கள் ஸ்டாப்பில் நிற்பதை விட்டுவிட்டுக் கடைக்குப் போனார்கள், காய் வாங்கினார்கள், 'கேட் தாண்டியது' என்று வந்ததும் நடந்து வந்தார்கள். ஒருநாள் மாதேசன் இருபத்தெட்டு டிக்கெட் கிழித்தார். அன்று இரண்டு தடவை எண்ணிப் பார்த்ததாகச் சொன்னார்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒரு புதன்கிழமை இன்பவல்லியின் போனில் சார்ஜ் இல்லை. செய்தி போகவில்லை. மறுநாள் ஒன்பது பேர்தான் ஏறினார்கள். பிறகு மெல்லக் கூடியது.

மாதக் கடைசியில் டிப்போவிலிருந்து தகவல் வந்தது. நாலு மணி டிரிப் இன்னும் மூன்று மாதம் ஓடும். அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். வெள்ளையம்மாவின் மகளுக்கு இன்னும் இரண்டு மாதப் பயிற்சிதான் பாக்கி இருந்தது.

அந்தச் செய்தியைச் சொல்ல இன்பவல்லி சாமியிடம் வந்தார். சாமி கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுச் சந்தோஷமாகத் தலையசைத்தார். இன்பவல்லி போகாமல் நின்றார்.

"இன்னும் ஏதோ இருக்கு போல."

"பிரமிளா டீச்சர் சாமி. முதல்ல சேர்ந்ததே அவங்கதான். ரெண்டு வாரம் பஸ்லதான் வந்தாங்க. இந்த வாரம் மூணு நாளா மறுபடி கார். கேட் தாண்டியாச்சுன்னு செய்தி போகுது, பார்த்தும் இருக்காங்க. இப்பத்தான் எல்லாம் தெரியுதே. அப்புறமும் ஏன்?"

"பத்திரமா வந்து சேர்ந்துட்டாங்களா?"

"சேர்ந்துட்டாங்க."

"வீட்டுல யாருக்காவது முடியலையா?"

"தெரியலை."

"வேலை ஏதும் கூடிப்போச்சா?"

"தெரியலையே சாமி. நான் கேக்கலை."

சாமி கடைசித் துணியை உதறிக் கொடியில் போட்டார். இன்பவல்லியின் பக்கம் திரும்பினார்.

"பஸ் எங்க வருதுன்னு இப்ப உங்களுக்குத் தெரியும். டீச்சர் எங்க இருக்காங்கன்னு இன்னும் தெரியலை. போய்க் கேட்டுட்டு வாங்க."